ஆகத்தம்மாள் மருந்து வேண்டாம் என்று சொன்னாரா? அக்காவுக்காகக் கேட்கிறேன்

காசிமேட்டுத் தங்கச்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டும்.

என் அக்காவுக்கு 43 வயது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைப் பக்கம் கூடையில் கொண்டுபோய் விற்பவள். இடது மார்பில் ஒரு கட்டி. தெரிந்து ஐந்து மாதம் ஆகியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை, கூடை இடித்த வீக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தைலம் தேய்த்திருக்கிறாள். நான் ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்டு, அழுது அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மேமோகிராம் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், புற்றுநோய் என்று வந்துவிட்டது. அக்குளில் ஒன்றும் தெரியவில்லை, மார்பை எடுத்துவிட்டு அப்புறம் மருந்து ஏற்றினால் குணப்படுத்தலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்.

அதற்குள் எங்கள் தெருவில் செபக்கூட்டம் நடத்தும் ஒரு பெரியம்மா வந்து, புனித ஆகத்தா படம் ஒன்றைக் கொடுத்து, ஒன்பது நாள் நவநாள் செபம் செய்யச் சொன்னார். அதில் எனக்கு ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் போகிறபோது, "ஆகத்தம்மாளுக்கு மார்பையே அறுத்தார்கள், அப்பவும் மருந்து வேண்டாம் என்று சொன்னவர், ஆண்டவரே குணமாக்கினார், உனக்கு விசுவாசம் இருந்தால் கத்தி எதற்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அக்கா ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள். நான் சத்தம் போட்டால் அவள் சத்தம் போடாமல் அழுகிறாள்.

இன்னொன்று. அந்தப் படம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். சின்ன வயசுப் பெண், கையில் தட்டு, தட்டில் இரண்டு மார்பு. அக்கா அதைக் கும்பிடுகிறாள், ஆனால் பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டால் தலையணைக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

ஆகத்தா உண்மையில் யார்? மருந்து வேண்டாம் என்று சொன்னது நிஜமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.


இராயபுரம் பழைய பீடச்சிறுவன் எழுதியது:

தங்கச்சி, முதலில் நேரடியாகப் பதில். ஆமாம், கதையில் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதை அந்தப் பெரியம்மா சொல்லவில்லை. முழுசாகச் சொல்கிறேன்.

ஆகத்தா இத்தாலியின் சிசிலித் தீவில் கட்டானியா என்ற துறைமுக ஊரில் மறைசாட்சியானவர், அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர். (அதே தீவில் இருக்கும் பலெர்மோ ஊர்க்காரர்கள் அவர் பிறந்தது எங்கள் ஊரில் என்று உரிமை கொண்டாடுவார்கள்.) கிரேக்கத்தில் 'ஆகத்தா' என்றால் நல்லவள். அப்போது உரோமை ஆண்ட தேசியுஸ் என்ற பேரரசன் 250இல் ஒரு ஆணை போட்டான், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு அதிகாரியிடம் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. அந்தச் சீட்டுகள் சில எகிப்தில் பாப்பிரஸ் தாளாகவே கிடைத்திருக்கின்றன. திருத்தந்தை பாபியான் அந்த வருஷம் ஜனவரியிலேயே கொல்லப்பட்டார். ஆகத்தா இறந்தது 251 பிப்ரவரி 5 என்பது மரபு, இன்றுவரை அதுதான் அவர் திருநாள். பழைய மறைசாட்சிகள் நாட்காட்டிகளில் அவர் பெயர் இருக்கிறது, ராவென்னாவில் 6ஆம் நூற்றாண்டு ஆலயச் சுவரில் கன்னியர் வரிசையில் நிற்கிறார், பூசையில் முதல் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பேத்துவா, ஆகத்தா, லூசியா என்று சாமியார் வாசிக்கிறாரே, அதே ஆகத்தாதான். இனி நான் சொல்லும் விவரங்கள் பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்த வரலாறு, அந்தப் பெரியம்மா சொன்னதும் அதிலிருந்துதான். அதனால் அதை வைத்தே பேசுவோம்.

குயிந்தியானுஸ் என்ற ஆளுநன் ஆகத்தா மேல் ஆசைப்பட்டான். அழகு ஒரு பக்கம், சொத்து ஒரு பக்கம். இவர் மசியவில்லை. அப்ரோதீசியா என்ற விபசார விடுதிக்காரி வீட்டில் ஒரு மாதம் அடைத்து வைத்தான், அவள் கடைசியில் வந்து, பாறையைப் பிளந்தாலும் பிளக்கலாம் இவள் மனசை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்த ஆத்திரத்தில்தான் சித்திரவதை, மார்பை அறுத்தது எல்லாம். அப்போது ஆகத்தா அவனைப் பார்த்துக் கேட்கிறார்: உன் தாயிடம் நீ பால் குடித்ததை ஒரு பெண்ணிடமிருந்து அறுக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? அக்காவுக்கு இந்த இடத்தை இரண்டு தடவை வாசியுங்கள். வெட்கப்பட வேண்டியவன் அவன் என்று சபை நடுவில் சொல்லிவிட்டார் அந்தப் பெண்.

இப்போது கவனியுங்கள். ஆகத்தாவை மறுபடி சிறையில் தள்ளும்போது குயிந்தியானுஸ் ஒரு உத்தரவு போடுகிறான்: எந்த வைத்தியனும் இவளிடம் போகக் கூடாது, அப்பமும் தண்ணீரும் யாரும் கொடுக்கக் கூடாது. இந்தக் கதையில் மருத்துவரை உள்ளே விடாதே என்று சொன்னவன் அவன். துன்புறுத்தியவன்.

நடுராத்திரி. சிறைக்குள் ஒரு வயசானவர் வருகிறார், முன்னால் ஒரு சிறுவன் விளக்குப் பிடித்துக்கொண்டு வருகிறான், பெரியவர் கையில் பலவகை மருந்து. காயத்துக்குப் போடட்டுமா என்கிறார். அப்போதுதான் ஆகத்தா, உடம்புக்கு மருந்து நான் எப்போதும் போட்டதில்லை என்கிறார். பெரியவர் உடனே, மகளே, நானும் கிறிஸ்தவன்தான், என்னிடம் வெட்கப்படாதே என்கிறார். அந்தப் பதிலைப் பாருங்கள். அடைபட்டுக் கிடக்கும் ஒரு இளம்பெண், அறுபட்ட மார்பு, எதிரே முன்பின் தெரியாத ஆண். அந்தக் கூச்சம்தான் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு, ஆண்டவர்தான் என்னை அனுப்பினார், நான் அவருடைய அப்போஸ்தலன் என்று சொல்லி மறைந்துவிடுகிறார். ஆகத்தா குனிந்து பார்த்தால் காயமெல்லாம் ஆறியிருக்கிறது.

அந்தப் பெரியவர் யார் தெரியுமா? இராயப்பர். பேதுரு. நம் இராயபுரத்துக்கே பெயர் கொடுத்தவர். படகோட்டிகள் காசு போட்டுக் கட்டிய அவர் கோயில் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஜூன் 29 திருநாளுக்கு அக்காவும் போயிருப்பார். சிறு வயதில் அங்கே பீடத்தில் மணி அடித்தவன் நான், அவரை எப்போதும் சாவியோடுதான் பார்த்திருக்கிறேன். மருந்தோடு ஒரு பெண்ணைப் பார்க்கச் சிறைக்குள் போனார் என்று முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் காவலர்கள் ஓடிவிட்டார்கள், கதவு திறந்து கிடந்தது, மற்றவர்கள் போய்விடு என்றார்கள். காவலர்களை மாட்டிவிட மாட்டேன் என்று ஆகத்தா போகவில்லை. அப்புறம் நெருப்புத் தணலிலும் உடைந்த ஓட்டுச் சில்லிலும் உருட்டினார்கள், பூமி அதிர்ந்தது, மக்கள் குயிந்தியானுஸுக்கு எதிராகத் திரண்டார்கள், திரும்பச் சிறைக்குக் கொண்டுபோன இடத்தில் செபித்துக்கொண்டே உயிர் விட்டார். மறுவருஷம் எட்னா எரிமலை கக்கியபோது ஊரார் ஓடிப்போய் அவர் கல்லறை மேல் கிடந்த துணியை எடுத்து நெருப்புக்கு முன்னால் பிடித்தார்கள், குழம்பு நின்றது என்பார்கள். தீ விபத்துக்கும் அவரைப் பாதுகாவலி என்பது அதனால்தான்.


எண்ணூர் சகோதரன் எழுதியது:

பீடச்சிறுவன் அண்ணா அழகாகச் சொன்னார். ஆனாலும் ஒன்று. கடைசியில் மருந்து போடாமல்தானே குணமானது? ஆண்டவர் தொட்டால் போதும் என்றுதானே அர்த்தம்? விசுவாசத்தோடு இருப்பவரைக் குழப்பிவிட வேண்டாமே என்று பயமாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.


இராயபுரம் பழைய பீடச்சிறுவன் எழுதியது:

தப்பாக எடுக்கவில்லை தம்பி. ஆண்டவர் தொட்டால் போதும், நானும் நம்புகிறேன். ஆனால் அனுப்பப்பட்டவர் வெறுங்கையோடு வரவில்லையே, கையில் மருந்தோடு வந்தார். விவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்ற நூலின் 38ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதித்து நட, அவரைப் படைத்தவர் ஆண்டவர், மருந்தை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் அவர், புத்தியுள்ளவர் அதை ஒதுக்க மாட்டார் என்று இருக்கிறது. இதில் குழப்பம் எங்கே வந்தது? ஆகத்தாவுக்கு வைத்தியன் வரக் கூடாது என்று தடுத்தார்கள். இந்த அக்காவுக்குக் கதவு திறந்திருக்கிறது, டாக்டர் தேதி கொடுத்துக் காத்திருக்கிறார். போகாதே என்று சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் சொல்லும் வார்த்தை குயிந்தியானுஸ் சொன்னது.


வியாசர்பாடி அம்மா எழுதியது:

தங்கச்சி, எனக்கு வலது பக்கம் எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. உயிரோடு இருக்கிறேன், பேரனைத் தூக்குகிறேன், அரிசி மூட்டை மட்டும் தூக்குவதில்லை.

அக்கா ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வதற்கு அந்தப் பெரியம்மா பேச்சு ஒரு சாக்காக இருக்கலாம். நானும் சாக்குத் தேடினேன். உள்ளே இருப்பது வேறு பயம். எடுத்த பிறகு நான் என்னவாக இருப்பேன், வீட்டுக்காரர் முகம் கொடுப்பாரா, தெருவில் பார்ப்பவர்கள் எங்கே பார்ப்பார்கள். இதை அவரிடம் கேட்டுவிடாதீர்கள், பக்கத்தில் படுத்துக்கொண்டு லைட்டை அணைத்துவிட்டு அவராகச் சொல்லும்வரை இருங்கள். என் தங்கை எனக்கு அப்படித்தான் செய்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாமியாரிடம் நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது, கேளுங்கள். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று பழைய ஆட்கள் நினைப்பார்கள், அப்படி இல்லை, பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் வாங்கலாம். எனக்கு நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார், அந்த ஈரத்தோடுதான் தூங்கினேன்.

அப்புறம் நடைமுறை விஷயம். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு, மூன்று தைத்து வையுங்கள், தலைவழியாகப் போடும்படி இருந்தால் கை தூக்க முடியாது. தையல் போட்ட பக்கத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வரும், அதன் முனையில் நீர் சேரும் டப்பா தொங்கும், சில நாள் அதோடுதான் நடக்க வேண்டும். அதை வைக்க ஒரு துணிப்பை வேண்டும். டாக்டர் சொன்ன பிறகு கைக்குப் பயிற்சி உண்டு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் என் மகன் தினமும் பென்சிலால் கோடு போடுவான், அம்மா நேற்றைக்கு இங்கே, இன்றைக்கு இங்கே என்று. வெள்ளை அடித்தபோதும் அந்த இடத்தை விட்டுத்தான் அடித்தோம்.


ராத்திரி டூட்டி எழுதியது:

நான் நர்ஸ், புற்றுநோய் வார்டில்தான் வேலை. ஆகத்தா நர்சுகளுக்கும் பாதுகாவலி என்பதால் நானும் ஒரு வார்த்தை.

இதைப் படிக்கிற மற்ற அக்கா தங்கைகளுக்கும் சேர்த்து: மார்பில் வரும் கட்டியில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் எது எது என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, காட்டித்தான் ஆக வேண்டும். வலி இல்லையே என்று விடாதீர்கள், புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று வெளியே ஒரு பேச்சு உலாவுகிறது, அதை நம்பிப் பயாப்சியைத் தள்ளிப்போட்டு வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பணக் கவலை இருந்தால் முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், புற்றுநோய் சிகிச்சை அதில் வருகிறது.

இன்னொரு பெண்ணையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார், அந்தச் சாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் பல வருஷம் விடாமல் அலைந்து 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். தங்கச்சி, நீங்கள் அக்காவுக்காக இங்கே வந்து எழுதியதைப் படித்தவுடன் அதுதான் ஞாபகம் வந்தது.


தண்டையார்பேட்டை கப்பல்காரன் எழுதியது:

நான் மெர்ச்சன்ட் நேவியில் இருந்தவன். ஒரு பிப்ரவரியில் எங்கள் கப்பல் கட்டானியாவில் நின்றது, ஆகத்தா திருவிழா சமயம், 3, 4, 5 மூன்று நாளும் ஊரே தெருவில். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லோரும் வெள்ளை அங்கி, தலையில் கறுப்புக் குல்லா. வெள்ளியில் செய்த தேர், அதில் நகை பூட்டிய ஆகத்தா சுரூபம், உள்ளே அவருடைய எலும்புகள். முன்னால் இரண்டு நீளக் கயிறு, நம் ஊர்த் தேர்வடம் மாதிரியேதான், ஆயிரக்கணக்கான பேர் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவன் கத்துகிறான், 'ஊராரே, ஆகத்தா வாழ்க' என்று அவர்கள் பாஷையில், எல்லோரும் பதில் கத்துகிறார்கள். நேர்ச்சைக்காரர்கள் பெரிய பெரிய மெழுகுவர்த்தியைத் தோளில் சுமந்து வருகிறார்கள், சிலர் தங்கள் எடைக்கு எடை. உருகின மெழுகு ரோட்டில் கொட்டி வழுக்குகிறது என்று மரத்தூள் தூவியிருந்தார்கள், கால் வைத்தால் சரக் சரக் என்று சத்தம்.

அக்காவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒவ்வொரு தொழில்காரரும் பொன்னிறத்தில் சிங்காரித்த ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தூண் ஒன்றைத் தூக்கி வருகிறார்கள், கசாப்புக்காரர் ஒன்று, ரொட்டிக்காரர் ஒன்று. மீன் விற்பவர்களுக்கும் தனியாக ஒன்று உண்டு. மீன்கார ஜனம் ஆகத்தாவுக்குத் தோள் கொடுக்கிற ஜனம்.

தட்டில் இருப்பதைப் பற்றி ஒன்று. பழைய படங்களைப் பார்த்தவர்கள் சிலருக்கு அது அப்பமாகத் தெரிந்திருக்கிறது, சிலருக்கு மணியாக. ரொட்டி சுடுகிறவர்களும் மணி வார்க்கிறவர்களும் அவரைப் பாதுகாவலி ஆக்கிக்கொண்டது அப்படித்தான் என்பார்கள், சில நாடுகளில் அவர் திருநாளில் ரொட்டியை மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கட்டானியாவில் அதையும் தாண்டி மிட்டாய்க் கடைகளில் மார்பு வடிவத்திலேயே வெள்ளைச் சர்க்கரைப் பாகு பூசி மேலே ஒரு செர்ரிப் பழம் வைத்த பலகாரம் அடுக்கியிருக்கிறது. பாட்டி, பேரன், சாமியார் எல்லோரும் வாங்கித் தின்கிறார்கள், யாரும் முகத்தைத் திருப்பவில்லை. நான் முதலில் தலையைக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி என் கையில் ஒன்றை வைத்து, சைகையில் சாப்பிடு என்றார். சாப்பிட்டேன்.


காசிமேட்டுத் தங்கச்சி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

வியாசர்பாடி அம்மா சொன்னபடி லைட்டை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி போன் வெளிச்சத்தில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். இராயப்பர் வந்த இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கையில் மருந்து இருந்ததா? நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டாள், மறுபடி வாசிக்கச் சொன்னாள். அப்புறம் அழுதாள், ஆனால் இந்தத் தடவை சத்தமாக அழுதாள், நானும் விட்டுவிட்டேன். வெளியே பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

காலையில் பார்த்தால் தலையணைக்கு அடியில் படம் இல்லை. அலமாரியில் ஆரோக்கிய மாதா பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறாள், சாய்ந்துவிடாமல் இருக்கத் தீப்பெட்டியை அண்டக் கொடுத்திருக்கிறாள். சின்னவன் வந்து தட்டில் என்னம்மா என்று கேட்டான். "அவங்களுக்கு அம்மா மாதிரியே ஆச்சு, அப்புறம் ஒரு தாத்தா வந்து மருந்து போட்டாரு" என்றாள். அவன் சரி என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டான்.

செபக்கூட்டப் பெரியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன், சண்டை போடவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அட்மிஷன் அன்றைக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அட்மிஷன். புதன் சாயங்காலம் சாமியார் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசுகிறேன் என்றிருக்கிறார். நைட்டி தைக்கக் கொடுத்துவிட்டேன். அந்தக் குழாய் டப்பாவுக்கான பை எந்த அளவு தைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா.


வியாசர்பாடி அம்மா எழுதியது:

ஒரு சாண் அகலம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம். வார் நல்ல நீளமாக வையுங்கள், ஆபரேஷன் செய்யாத பக்கத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ள வேண்டும். பருத்தித் துணி போதும், பழைய புடவையே நல்லது, உறுத்தாது. இரண்டாகத் தையுங்கள், ஒன்றைத் துவைத்துப் போடும்போது இன்னொன்று வேண்டும். என்னிடம் என்னுடையது ஒன்று பத்திரமாக இருக்கிறது, நீலப் பூப் போட்டது. அளவு பார்க்க வேண்டுமானால் புதன்கிழமை கல்மண்டபம் வரை கொண்டு வருகிறேன்.